கேடயமா, வாளா?

வேலப்பனைக் கொல்ல எனக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு வந்து சேர ஒன்பது மாதம் வயிறெரிய வேண்டியிருந்தது.

பதறாதீர்கள். வேலப்பன் ரத்தமும் சதையுமான ஆள் இல்லை. ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஆறு மணி வரை நாங்கள் நான்கு பேர் இணையத்தில் சேர்ந்து ஆடும் கதையில் வரும் ஓடக்காரன். ஆளுக்கொரு ஊரில், காதில் ஒரு கருவி, மணிக்கட்டில் ஒரு பட்டை என்று உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். படம் கிடையாது, பொம்மை கிடையாது, குரல்தான் எல்லாம். கதையை நடத்துகிறவள் நாகர்கோவில் மரியபுஷ்பம், எனக்கு ஒன்பது வருடச் சிநேகிதி. வைத்தியராக வருவது மேலப்பாளையம் ரஹ்மத்துல்லா. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை முடித்துவிட்டு வருவதால் பாதி நேரம் வைத்தியரே மயக்கத்தில் இருப்பார்.

நான் தூத்துக்குடி தில்லைநாயகி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கிரேன் கடலோரம் நிற்கும், நான் மூன்றாம் மாடியில் ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டுவேன். எட்டு மணி நேர வேலையில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கதையில் நான் கொற்றி, இரட்டை வாள்காரி. வாரம் முழுக்கப் பெட்டியைத் தூக்கி இறக்குகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரை வெட்டிப் போட்டால்தான் திங்கட்கிழமை எழுந்திருக்க மனசு வரும்.

எங்கள் கதையின் பயணம் ஏழு ஆறுகளைக் கடந்து ஒரு நகரத்துக்குப் போவது. போகிற வழியில் சண்டைக்கு எவ்வளவு நேரம், மனசைத் திறந்து பேச எவ்வளவு நேரம் என்பதில் எங்களுக்குள் பெரிய தகராறு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு சண்டை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அதில் நான்கு என்னுடையவை. எங்களோடு ஆடிய சேலத்துத் தம்பதி, "எங்க பாத்திரத்துக்கும் ஒரு மனசு இருக்குதுங்கறதே உங்களுக்கு மறந்து போச்சு" என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் புஷ்பம் 'தராசு' என்ற நடுவர் இயந்திரத்தை எங்கள் ஆட்டத்துக்குள் கொண்டு வந்தாள்.

"ஒருத்தர் பேசும்போது மத்தவங்க நாடி எவ்வளவு துடிக்குன்னு பட்டை பாத்துக்கிட்டே இருக்கும்" என்று அன்றைக்கு விளக்கினாள். "துடிப்பு கூடிச்சுன்னா அடுத்த வாரம் பேசுனவருக்கு நிமிஷம் கூடும். பேசுதவங்க துடிப்பு சேராது, கேக்குதவங்களுக்கு உள்ளது மட்டும்தான். சண்டையா பேச்சாங்குறதை இனி நம்ம நெஞ்சே சொல்லிட்டுப் போட்டும். நமக்குள்ள எதுக்குப் பிள்ளே சண்டை?"

"யாரு நாடி யாருக்குத் துடிச்சுதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது மட்டும் ரகசியம். ஒரு பாத்திரம் செத்தாத்தான் சொல்லும்."

அதற்கு ஒரு சடங்கே வைத்தாள் புஷ்பம். செத்த பாத்திரம் திரும்பி வராது. அதற்குக் குரல் கொடுத்தவர் தன் சொந்தக் குரலில் இரண்டு நிமிடம் பேசி விடைபெற வேண்டும். பிறகு, அந்தப் பாத்திரத்துக்காக யாருடைய நாடி அதிகம் துடித்தது என்று தராசு பெயர் சொல்லும். அவர்தான் 'அருகிருந்தவர்'. இறுதி வார்த்தை சொல்ல வேண்டியது அவர். செத்தவரின் கையிலிருந்த பொருளும் வாரப் பங்கு நிமிடங்களும் அவருக்கே. செத்தவர் ஆட்டத்தின் அந்தப் பருவம் முடியும்வரை கேட்போர் வரிசையில் உட்கார வேண்டும்; காது உண்டு, வாய் கிடையாது. ஆனால் அங்கே இருப்பவரின் பட்டையும் கணக்கில் சேரும். தொடர்ந்து மூன்று வாரம் பத்து நிமிடத்துக்குக் கீழே போனவருக்கும் அதே வரிசைதான்.

சடங்கை எழுதி வைத்ததோடு சரி, பயன்படுத்த வேண்டி வரவில்லை. ஏனென்றால் கொற்றி இருந்தாள். ஒவ்வொரு சண்டையிலும், முன்பு புஷ்பம் கேட்டதை இப்போது தராசு என்னைக் கேட்கும்: "கேடயமா, வாளா?" கேடயம் என்றால் அந்தச் சுற்றில் ஆயுதமில்லாதவர்களுக்கு என் காவல். வாள் என்றால் நான் வெட்டப் போய்விடுவேன். ஒன்பது வருடத்தில் முதல் சுற்றில் நான் கேடயத்தைத் தவிர வேறு சொன்னதில்லை. என் காவலில் ஒரு உயிர் போனதில்லை. அதை நினைத்து எனக்குப் பெருமை உண்டு.

மூன்று மணி நேரத்தில் ஒரு மணி கதை நடத்த புஷ்பத்துக்கு. மிச்சம் நூற்றிருபது நிமிடத்தில் எண்பது எனக்கு, நாற்பது ரஹ்மத்துக்கு. எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் காரைக்காலிலிருந்து இன்பசாகரன் வந்தார்.

அவருடைய வேலப்பனுக்கு வாள் கிடையாது, வில் கிடையாது, ஓடம் தள்ளுகிற ஒரு மூங்கில் கழி மட்டும். கூலியாகக் காசு வாங்க மாட்டான். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பான், அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், அதுதான் கூலி. முதல் ஆற்றில் ரஹ்மத்தின் வைத்தியரிடம் கேட்டான்.

"வைத்தியரே, உங்களால் காப்பாற்ற முடியாமல் போனவர்களில் யாருடைய பெயரை இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறீர்கள்?"

ரஹ்மத் ஒரு நிமிடம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் பெயரைச் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் பேசினார். எந்தக் கிராமம், என்ன காய்ச்சல், அவள் கையில் என்ன பொம்மை வைத்திருந்தாள் என்றெல்லாம். அந்தச் சோம்பேறி மனுஷனுக்குள் இப்படி ஒரு வைத்தியர் இருந்ததை ஒன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. புஷ்பம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்குக் காதெல்லாம் சுட்டது, பட்டைக்கு அடியில் வியர்த்தது.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

அந்த வாரம் எண்பதிலிருந்து நாற்பத்து நாலுக்கு இறங்கினேன். பிறகு முப்பது. பிறகு பத்தொன்பது. அவர் பேசும்போதெல்லாம் ஒரு சொல் விடாமல் கேட்டேன். எங்கே தடுக்கி விழுகிறார், எங்கே சொன்னதையே சொல்கிறார் என்று காத்திருந்தேன். மனுஷன் விழவே இல்லை. தண்ணீர் போகிற மாதிரி போகும் பேச்சு.

ஆளும் திமிர் பிடித்தவராகத்தான் தெரிந்தார். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் நாங்கள் ஊர்க்கதை பேசுவோம். முட்டுவலி, மீன் விலை, ரஹ்மத்தின் மாமியார். அவர் அதில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. சரியாக மூன்று மணிக்கு வேலப்பனாக வருவார், சரியாக ஆறு மணிக்குப் போய்விடுவார். 'வணக்கம்' என்றுகூட எழுத்தில்தான் அனுப்புவார். பெரிய கலெக்டர் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதுதான் முள். ஐந்து ஆறு தாண்டிவிட்டோம். வைத்தியரைக் கேட்டான், வழியில் ஏறிய குயவனைக் கேட்டான், புஷ்பம் குரல் கொடுத்த ஒரு கழுதைக்காரியைக்கூடக் கேட்டான். கொற்றியை மட்டும் கேட்கவில்லை. "வாருங்கள், வாள்காரியே" என்று கழியைக் கொடுத்து ஏற்றிக்கொள்வான். அவ்வளவுதான். கழுதைக்காரிக்குக்கூட ஒரு மனசு இருக்கிறது, எனக்கு இல்லையா?

என் நிமிடம் பதினொன்றுக்கு இறங்கிய அன்றைக்குப் புஷ்பத்தைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இது சண்டைக் கதையா, பாவமன்னிப்புக் கூண்டா? ஆறு வாரமாச்சு, ஒரு வாள் உறையை விட்டு வரல."

"வந்துச்சே. போன வாரம் நீ மூணு பேரை வெட்டின."

"ஒருத்தருக்கும் துடிக்கலையே!"

"கோவிச்சுக்காத தில்லை. நீ வெட்டுதது எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா வெட்டுதது யாருன்னு தெரியல. கொற்றி எதுக்குப் பயப்படுவா? யாருக்காக வெட்டுதா? ஒம்போது வருஷமா அவகூட நடக்கேன், எனக்கே தெரியாது. சண்டைக்குள்ளயும் ஆளு இருக்கணும் பிள்ளே."

"அவரு ஒரு வாளைத் தொட்டிருப்பாரா? அவருக்கு மட்டும் எழுபது நிமிஷம்."

"அவரு கேக்காரு. நாம சொல்லுதோம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஒன்பது. அதற்கடுத்த ஞாயிறும் ஒன்பது. வேலப்பனுக்கு எழுபத்தொன்று. இன்னொரு ஒன்பது வந்தால் நான் கேட்போர் வரிசைக்குப் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு அந்த ஆள் பேசுவதைப் பருவம் முடியும்வரை கேட்க வேண்டும். கிரேன் அறையிலும் வாயை மூடி, இங்கேயும் வாயை மூடி.

மூன்றாவது ஞாயிறு ஆறாவது ஆறு வந்தது. அங்கே ஓடம் செல்லாது, தொங்கு பாலம். நடுப்பாலத்தில் போகும்போது எதிர்க்கரையிலிருந்து வில்லாளிகள் எழுந்தார்கள். வைத்தியர் பின்னால் கரையிலேயே இருந்தார். முன்னால் நான், எனக்குப் பின்னால் கழியை ஊன்றிக்கொண்டு வேலப்பன்.

"கொற்றி" என்றது தராசு. "கேடயமா, வாளா?"

பத்து விநாடி. ஒன்பது வருடமாக யோசிக்காமல் சொன்ன சொல் நாக்கு நுனியில் நின்றது. வேலப்பன் போனால் அவன் நிமிடங்கள் ரஹ்மத்துக்குத்தான் போகும், பெயரைச் சொல்லி அழுதது அவர்தானே. ரஹ்மத் பாதியைத் தூங்கிக் கழிப்பார், மிச்சம் சண்டைக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். இவ்வளவையும் பத்து விநாடிக்குள் போட்டேன் என்பதுதான் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

"வாள்" என்றேன்.

நான் பாய்ந்து அவர்கள் தலைவனை வெட்டினேன். சுத்தமான வெட்டு. எனக்குப் பின்னால் மூன்று அம்புகள்.

"வாள்காரியே," என்றான் வேலப்பன். குரலில் கோபமே இல்லை. "இன்னும் ஒரு ஆறு இருக்கிறதே."

"வேலப்பன் இறந்தான்" என்றது தராசு. ரஹ்மத் "யா அல்லாஹ்!" என்று கத்தினார். நிஜமாகவே கத்தினார். புஷ்பம் எழுதி வைத்த சடங்கைத் திறந்தாள். பிறகு, "இன்பசாகரன் சார், சடங்குப்படி உங்களுக்கு ரெண்டு நிமிஷம். உங்க சொந்தக் குரல்ல" என்றாள்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு குரல். அது வேலப்பனுடைய குரல்தான், ஆனால் அதற்குக் கால் ஒடிந்திருந்தது.

"ந... ந... ந... நன்றி. எ... எனக்கு... பே... பேச்சு..."

நான் காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வே... வேலப்பனா பே... பேசுனா தி... திக்காது. ஏ... ஏன்னு தெ... தெரியல. அ... அதான் வ... வந்தேன்."

ஒரு நிமிடம் போய்விட்டிருந்தது. கால் மணி நேர ஊர்க்கதையில் அவர் ஏன் ஒருநாளும் கலந்துகொள்ளவில்லை என்று அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

"கொ... கொற்றியைக் கே... கேக்கலன்னு நி... நினைச்சிருப்பீங்க. அ... அது ஏ... ஏழாவது ஆத்துக்குன்னு வ... வச்சிருந்தேன். ந... நல்ல கேள்வி. அ... அந்தக் கே... கேள்வி எ... என்னன்னா, கொ... கொ... கொ..."

"இரண்டு நிமிடம் முடிந்தது" என்றது தராசு. அவர் குரல் பாதியில் அறுந்தது.

"ஏட்டி, அவரை விடச் சொல்லு!" என்று கத்தினேன். புஷ்பம் எதையோ தட்டிப் பார்த்தாள். சடங்கை மாற்ற நான்கு பேரின் சம்மதம் வேண்டும், கேட்போர் வரிசையில் இருப்பவருக்குச் சம்மதம் சொல்ல வாய் கிடையாது. அதையும் நாங்கள்தான் எழுதி வைத்திருந்தோம்.

"அருகிருந்தவர்," என்று அது பாட்டுக்குத் தொடர்ந்தது தராசு. "வேலப்பனுக்காகத் துடித்த நாடிகளில், நூற்றுக்குப் பதினான்கு ரஹ்மத்துல்லா. பதினெட்டு மரியபுஷ்பம். அறுபத்தெட்டு தில்லைநாயகி."

பட்டையைக் கழற்றி எறியலாம் போலிருந்தது. அவர் பேசும்போதெல்லாம் எரிந்தது என் வயிறு, அதை அளந்து அவருக்கே நிமிடமாகக் கொடுத்திருக்கிறது இந்தக் கருவி. என்னுடைய எண்பதை ஒன்பதாக்கியது அவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பட்டையைத் தளர்த்தி விட்டிருந்தாலே போதும்.

"இறுதி வார்த்தை" என்றாள் புஷ்பம். அவள் குரல் எங்கேயோ இருந்தது.

என்ன சொல்வது? கொற்றிக்கு வெட்டத் தெரியும், பேசத் தெரியாது. வாயைத் திறந்தேன். வந்ததெல்லாம் அவருடைய வார்த்தைகள். வைத்தியரிடம் கேட்ட கேள்வி, குயவனிடம் கேட்டது, கழுதைக்காரியிடம் கேட்டது, மூன்றாவது ஆற்றில் மழை வந்தபோது சொன்னது, எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. ஒன்பது மாதம் குறை கண்டுபிடிக்கக் கேட்டவள், ஒன்றையும் மறக்கவில்லை. கடைசியில் கொற்றியின் குரலில் சொன்னேன்: "கேடயம் என் கையில் இருந்தது. நான் தூக்கவில்லை. நீ கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு மனசு முளைத்தது, என்னை மட்டும் நீ கேட்கவில்லை என்று பொறாமைப்பட்டேன்."

ஆட்டம் முடிந்தது. ரஹ்மத்திடமிருந்து செய்தி வந்தது: 'யக்கா, அறுபத்தெட்டா! மச்சானுக்குத் தெரியுமா?' மச்சான் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் போடவில்லை. புஷ்பம் கூப்பிட்டாள்.

"உள்ளதைச் சொல்லு. உனக்கு அவரு மேல எதுவும்..."

"கொற்றி சொன்னதை நீ கேக்கலையா?"

"அது கதைக்குச் சொன்னன்னு நினைச்சேன்."

"கதையே இல்லட்டி. அவ்வளவும் பொறாமை."

"அறுபத்தெட்டும் பொறாமையா?" என்று திரும்பக் கேட்டாள். "தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதானா?"

"அதுக்குத் துடிப்பு மட்டும்தானே தெரியும். எதுக்குத் துடிக்குன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"கொற்றி இன்னைக்குத்தான் முதமுதல்ல ஒரு ஆளா நின்னா தில்லை. அதுக்கு இன்னொருத்தர் சாகணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் முதலில் வைத்தது அன்றைக்குத்தான்.

இன்பசாகரனுக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், நாலு வரி. கடைசி வரியில், 'அந்தக் கேள்வி என்ன?' என்றும் கேட்டிருந்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: 'ஏழாவது ஆற்றில் கேட்கிறேன்.'

ஒன்பதும் எழுபத்தொன்றும் எண்பது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் இருந்த அதே எண்பது எனக்குத் திரும்பி வந்தது, கூடவே மூங்கில் கழியும். கழியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் கொற்றி வாள்களை ஆற்றில் போட்டாள். இனி நான்தான் ஓடக்காரி, நான்தான் கேள்வி கேட்க வேண்டும். படுமோசமாகக் கேட்டேன். ஒரு வணிகனை நிறுத்தி அரைமணி நேரம் குடைந்தேன். ரஹ்மத்தின் குறட்டை எல்லோர் காதிலும் விழுந்தது. புஷ்பம் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தாள், தாங்க முடியாதபோது அவள் அப்படித்தான் செய்வாள்.

ஆறு மணிக்குத் தராசு அடுத்த வார நிமிடங்களைச் சொன்னது. ரஹ்மத்துல்லா இருபத்தெட்டு. தில்லைநாயகி தொண்ணூற்றிரண்டு.

தப்பாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ரஹ்மத் தூங்கிவிட்டார். புஷ்பம் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகுதான் கேட்போர் வரிசை ஞாபகம் வந்தது. அங்கே ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பட்டை. தன்னுடைய கழியை வேறொருத்தி பிடித்துக்கொண்டு, தன்னுடைய கேள்விகளை நாசமாக்குவதை வாயில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். எதற்காகத் துடித்தது என்று தராசு சொல்லாது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துடிப்பை ஒன்பது மாதம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஐந்து வாரத்தில் பருவம் முடிந்தது. முடியும்போது எனக்கு நூற்றிரண்டு நிமிடம். புதுப் பருவம் ஏழாவது ஆற்றில் தொடங்கும். முந்தின நாள் சனிக்கிழமை காலையில் புஷ்பம் கூப்பிட்டாள். பழைய மாதிரி இல்லை, ஆனாலும் கூப்பிட்டாள்.

"இன்பசாகரன் சார் புதுப் பாத்திரம் எழுதி அனுப்பிருக்காரு."

"என்ன பாத்திரம்?"

"வாள்காரன். ஏழாவது ஆத்துல இறங்கும்போதே ஒரு சண்டை வச்சிருக்கேன். உங்கிட்ட இப்ப வாள் கிடையாதுல்லா, அதனால முதல் சுத்துல தராசு அவருகிட்டதான் கேக்கும்."

கேடயமா, வாளா என்று. நான் என்ன நினைக்கிறேன் என்று புரிந்துகொண்டு அவளே தேற்றினாள்.

"பயப்படாதட்டி. தங்கமான மனுஷன். ஒண்ணும் செய்யமாட்டாரு."

"நானும் நல்லவதானே, புஷ்பம்" என்றேன்.